டிராக்குக்குப் போகும் டயர், வீடு திரும்பும் டயர்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் அங்கேதான் இருக்கிறது. நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12, இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். அதைச் சுற்றி எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு டயர் தொழிற்சாலை வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே ஜே.கே.யும் சியட்டும் இருக்கின்றன. ஒரகடத்தில் அப்போலோ, அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., வடக்கே தேர்வாய்கண்டிகையில் மிஷெலின். இத்தனை ரப்பர் வெந்து வெளிவரும் ஊரில், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் 19 அங்குல ரிம்முக்கு நல்ல டயர் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கியதைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

அப்படிக் கப்பலில் வந்த இரண்டு டயர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரண்டும் மிஷெலின்: ஒன்று பைலட் ஸ்போர்ட் 4எஸ், மற்றொன்று பைலட் ஸ்போர்ட் கப் 2. மாட்டிப் பார்த்தது நண்பர் ஒருவருடைய பிஎம்டபிள்யூ எம்2 காம்படிஷனில். வாரநாளில் அலுவலகம், ஞாயிறு விடிகாலையில் ஈ.சி.ஆர்., டிராக் நாள் அறிவித்தால் இருங்காட்டுக்கோட்டை என்று ஒரே கார் எல்லா வேலையும் பார்க்கிறது. டயர் கேள்வி சிக்கலாவது இப்படிப்பட்ட கார்களில்தான். டிராக்குக்கு மட்டும் என்றால் பட்டனே இல்லாத ஸ்லிக்கை மாட்டி, காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். சாலைக்கு மட்டும் என்றால் கடைக்காரர் கையில் எடுப்பதே போதும்.

2018-இல் இந்தியாவுக்கு வந்த எம்2 காம்படிஷனில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ இன்ஜின். 410 குதிரைத்திறனும் 550 நியூட்டன் மீட்டர் டார்க்கும் முழுசாகப் பின்சக்கரங்களுக்குப் போகின்றன. எடை ஒன்றரை டன்னுக்கு மேல். முன்னால் 245/35, பின்னால் 265/35. இரண்டு அளவும் வேறு என்பதால் முன் டயரைப் பின்னால் போட்டுத் தேய்மானத்தைப் பங்கிட வழியில்லை. இடதை வலதாக மாற்றலாம், அவ்வளவுதான். சாலையில் பின் டயர் முதலில் தேயும். டிராக்கில் முன் டயரின் வெளித்தோள் முதலில் போகும். இந்த வித்தியாசம் பின்னால் பணமாக வந்து நிற்கும்.

டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பக்கச்சுவரில் பொறித்திருக்கும் ட்ரெட்வேர் எண்ணை. பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் 300, கப் 2-இல் 180. அதற்கும் கீழே போனால் டோயோ ஆர்888ஆர் போன்றவை 100 என்று போட்டுக்கொள்கின்றன. இது அமெரிக்க அரசின் முறை. டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோ பக்கத்துச் சாலைகளில் சோதனை டயரையும் ஓர் ஒப்பீட்டு டயரையும் வரிசையாக ஓட்டி, ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்து மற்றதன் தேய்மானத்தைக் கணக்கிடுகிறார்கள். ஓட்டும் தூரம் மொத்தம் 7,200 மைல், அதாவது பதினோராயிரம் கிலோமீட்டர் சொச்சம். எண்ணைக் கடைசியில் அறிவிப்பது தயாரிப்பாளர்தான். அமெரிக்காவில் பல அமெச்சூர் பந்தயங்களில் 200-க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதி வைத்த பிறகு, ஒட்டும் டயர்கள் பலவும் சொல்லி வைத்தாற்போல 200 என்ற எண்ணோடு கடைக்கு வந்தன. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 இரண்டும் 200தான். ஓட்டிப் பார்த்தால் 200 என்ற எண்ணுக்குள்ளேயே எத்தனை தரம் இருக்கிறது என்று தெரியும். வெவ்வேறு கம்பெனிகளின் எண்களை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களுக்குள் ஒப்பிட்டால் ஓரளவு நம்பலாம். 300-க்கும் 180-க்கும் உள்ள இடைவெளி நாங்கள் பார்த்த தேய்மானத்தோடு ஒத்துப்போனது, சாலையைப் பொறுத்தவரை. டிராக்கில் கதை தலைகீழ். அதற்கு வருகிறேன்.

முதலில் 4எஸ். 2017-இல் பைலட் சூப்பர் ஸ்போர்ட்டின் இடத்துக்கு வந்த டயர். பட்டனின் வெளிப்பாதியில் காய்ந்த தரைக்கான கலவை, உள்பாதியில் ஈரத்துக்கான சிலிக்கா கலவை என்று ஒரே டயரில் இரண்டு ரப்பர். சாலையில் இதைக் குறை சொல்ல இடம் தேட வேண்டும். 35 புரொஃபைல் டயருக்கு ஆச்சரியமான அமைதி. கிண்டி மேம்பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு தட்டல் வரும், முதுகில் குத்தாது. மழையில் இது இன்னும் நல்ல டயர். தேங்கிய நீரில் இறங்கினால் கார் லேசாக இழுத்துவிட்டுத் தன் பாதைக்கே திரும்பிவிடுகிறது.

டிராக்கில் முதல் இரண்டு மூன்று சுற்று வரை இதற்கும் விலை உயர்ந்த டயருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும். பிரேக்கை அழுத்தினால் நிற்கிறது, திருப்பினால் திரும்புகிறது. அதன் பிறகுதான் மாற்றம் தொடங்கும். முதலில் சத்தம். வளைவின் நடுவில் முன் டயர் மெல்லிசாகக் கீச்சிடும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் மூக்கு ஒரு கை அகலம் வெளியே போகும். அதற்கடுத்த சுற்றில் பின்பக்கமும் வழுக்கத் தொடங்கும், ஆக்ஸிலேட்டரில் காலை வைக்கும்போதெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் குறுக்கே வந்து பவரைக் குறைக்கும். ரப்பர் தன் வேலை வெப்பத்தைத் தாண்டிவிட்டது. பட்டன் ஆழமாக இருப்பதால் ஒவ்வொரு கட்டையும் வளைவில் முன்னும் பின்னும் வளைகிறது. அந்த வளைதலே வெப்பம். வெப்பம் ரப்பரை இன்னும் இளக்கும், இளகிய கட்டை இன்னும் வளையும்.

இதில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. 4எஸ் பிடியை விடும்போது சொல்லிவிட்டு விடுகிறது. டிராக்கில் புதிதாகப் பழகுகிறவருக்கு நொடிக் கணக்கைவிட இதுதான் முக்கியம். எங்கே வேகம் அதிகமாகிவிட்டது, எங்கே ஸ்டியரிங்கை அவசரமாக வெட்டினோம் என்பதை டயரின் சத்தமே பாடம் நடத்துகிறது. நண்பர் தொடக்கத்தில் இந்த டயரில் ஓட்டிப் பழகியதால்தான் இன்று கப் 2-இல் நிதானமாக ஓட்டுகிறார் என்பது என் எண்ணம். நேராக ஒட்டும் டயரில் தொடங்குகிறவர்கள் டயரின் திறமையைத் தங்கள் திறமை என்று எடுத்துக்கொள்வதை டிராக் நாட்களில் நிறையப் பார்க்கலாம்.

4எஸ்ஸை டிராக்கில் காப்பாற்ற முடியும். வேகச் சுற்று மூன்று, பிறகு ஒரு சுற்று மெதுவாக, திரும்பவும் மூன்று. காற்றழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். இங்கேதான் நம் ஊர் வெயில் கணக்குக்குள் நுழைகிறது. மூடிய டயரில் வெப்பநிலை ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். காலை 33 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்துவிட்டுப் போனால், உள்ளே காற்று 90 டிகிரியைத் தொடும்போது அளவி 38 காட்டும். 38-இல் டயரின் நடுப்பகுதி உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறைந்துவிடும். இந்தக் காரில் சூடான பிறகு 34-லிருந்து 36 வரை நின்றால்தான் 4எஸ் ஒழுங்காக நடந்துகொண்டது. அதற்குக் குளிர்ந்த நிலையில் 27, 28-இல் தொடங்க வேண்டும்.

அதைச் சாதாரண டயர் கடையில் சொல்லிப் பாருங்கள்.

"சார், 35 அடிச்சிடட்டுமா? நைட்ரஜன் போட்டா சூட்டுல ஏறவே ஏறாது சார்."

"28 போதும்ணே."

"28-ஆ? பள்ளத்துல எறங்குனா ரிம்மு அடி வாங்கும் சார்."

நைட்ரஜன் விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும். கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருந்தால் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக ஏறும், அந்த ஈரத்தைத் தவிர்ப்பது மட்டுமே லாபம். ஆனால் ரிம் விஷயத்தில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. டிராக் முடிந்து டயர் ஆறியதும் அது 27-க்கே இறங்கிவிடும். அந்த அழுத்தத்தோடு பூந்தமல்லி வழியாக வீடு திரும்பினால், சர்வீஸ் சாலையின் முதல் பள்ளமே 19 அங்குல ரிம்மை நெளித்துவிடும். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்றும் நல்ல அளவி ஒன்றும் டிக்கியில் இருக்கட்டும். டிராக் நாளுக்கு என்று வாங்கும் பொருட்களில் முதல் இடம் இவற்றுக்குத்தான், ஹெல்மெட்டுக்கு அடுத்தபடியாக.

அழுத்தத்தைப் பார்த்தாயிற்று. வெப்பத்தையும் பார்க்க வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டும் அகச்சிவப்பு வெப்பமானி மேல்தோலின் சூட்டை மட்டும் காட்டும். பிட் வரை வருவதற்குள் அது ஆறிவிடுகிறது. ஊசியை ரப்பருக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானிதான் உண்மை சொல்லும். உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடங்களில் குத்திப் பார்த்தால் காரின் ஜாதகமே தெரிந்துவிடும். எம்2-வில் முன் டயரின் வெளியோரம் உள்ளோரத்தைவிட எப்போதும் எக்கச்சக்கமாகச் சூடாக இருந்தது. டயர் எதுவானாலும் இதே படம்தான்.

காரணம் டயரில் இல்லை, காரில் இருக்கிறது. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். கார் வளைவில் சாயும்போது டயரும் அதோடு சேர்ந்து சாய்ந்து, வெளித்தோளில் எடை முழுவதும் விழுகிறது. இதை ஈடுகட்ட டயரின் தலையை முன்கூட்டியே உள்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். அதுதான் நெகடிவ் கேம்பர். கம்பெனி கொடுக்கும் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி. டிராக்குக்கு இரண்டரை, மூன்று டிகிரி தேவைப்படுகிறது. அதற்கு ஸ்ட்ரட்டின் தலையில் கேம்பர் பிளேட் மாட்ட வேண்டும். நண்பர் மாட்டினார். அதன் பிறகு அதே 4எஸ் டிராக்கில் இன்னும் ஓரிரு வேகச் சுற்று தாங்கியது, வெளித்தோள் சிராய்ந்து இழை இழையாக உரிவதும் குறைந்தது. டயர் மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அடித்துச் சொல்வேன். இரண்டு செட் கப் 2-வைத் தின்று தீர்த்த பிறகு அலைன்மென்ட் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளித்தோள் மொட்டையான டயரைத் திருப்பி மாட்டி மறுபக்கத்தைத் தேய்க்கலாமே என்று கேட்பார்கள். முடியாது. இரண்டு டயரிலும் வெளிப்பக்கம் எது என்று பொறித்திருக்கிறது, அது வெளியேதான் இருக்க வேண்டும்.

மூன்று டிகிரி கேம்பர் வைத்தால் சாலையில் உள்ளோரம் தேயாதா என்ற கேள்வி நியாயமானது. தேயும், பயப்படுகிற அளவுக்கு இல்லை. சாலையில் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. இரண்டு சக்கரங்களும் ஒன்றை ஒன்று பார்க்கின்றனவா, விலகிப் பார்க்கின்றனவா என்ற அந்தச் சின்ன கோணம். கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும். அதைச் சரிசெய்யாமல் அனுப்பும் கடைகளில்தான் டயர் போகிறது.

இனி கப் 2. கையில் தூக்கிப் பார்த்தாலே வேறு சாதி என்று தெரியும். பட்டனின் வெளிப்பாதியில் பள்ளங்கள் மிகக் குறைவு, தோள் ஏறக்குறைய ஸ்லிக். புதிதாக இருக்கும்போதே பள்ளத்தின் ஆழம் 4எஸ்ஸைவிடக் குறைச்சல். புது டயரை முதல் சூட்டிலேயே விரட்டக் கூடாது. நிதானமாக ஒரு தடவை சூடாக்கி, ஒருநாள் ஆறவிட்டால் ரப்பர் பதமாகிறது.

டிராக்கில் முதல் வளைவிலேயே மாற்றம் ஸ்டியரிங்கில் வரும். 4எஸ்ஸில் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு நொடித்துணுக்கு இருக்கும். பட்டன் கட்டைகள் வளைந்து முடிக்கும் நேரம் அது. கப் 2-இல் அந்த இடைவெளி இல்லை. பிரேக்கைப் பிந்தி அழுத்தலாம், வளைவின் நடுவில் வேகத்தைக் கூட்டிப் பிடிக்கலாம், வெளியேறும்போது முன்னதாகவே ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், செஷனின் கடைசிச் சுற்றும் முதல் சுற்றின் அருகிலேயே இருப்பது. ஒரு நல்ல சுற்றை எடுத்துவிட்டு மூச்சு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஓட்டுகிறவரின் கவனம் டயர் தாங்குமா என்பதிலிருந்து விலகி, தன் கோட்டைத் திருத்துவதில் நிற்கிறது.

தேய்மானக் கதை தலைகீழாவது இங்கேதான். சாலையில் 300 எண் உள்ள 4எஸ் நீண்ட நாள் உழைக்கிறது. டிராக்கில் அதே 4எஸ், சூடேறித் தோள் உரிந்து, 180 எண் உள்ள கப் 2-வுக்கு முன்னாலேயே மூப்படைகிறது. அடிக்கடி டிராக்குக்குப் போகிறவருக்கு விலை மலிந்த டயர் எது என்ற கணக்கு அப்போது மாறிவிடும். இந்த அளவில் 4எஸ்ஸே நான்கு டயருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதால் இது சில்லறைக் கணக்கு இல்லை.

கப் 2-வுக்கு மாறினால் கூடவே பிரேக்கிலும் கை வைக்க வேண்டும். பிடி கூடியதும் ஒவ்வொரு முறையும் கூடுதல் வேகத்திலிருந்து கூடுதல் அழுத்தத்தில் நிறுத்துகிறோம். சாதாரண பேடும் பழைய பிரேக் ஆயிலும் அந்தச் சூட்டைத் தாங்காமல் பெடல் பஞ்சாகிவிடும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் ஆயிலையும் பேடையும் மாற்றுங்கள், டயர் பிறகு வரட்டும்.

சாலையில் கப் 2? காய்ந்த நாளில் நினைத்ததைவிட நல்லபடியாகவே நடந்துகொள்கிறது. சத்தம் கூடுதல், சிறு கற்களை அள்ளிச் சக்கர வளைவுத் தகட்டில் அடித்துக்கொண்டே வரும், லாரிகள் பதித்த தடத்தில் ஸ்டியரிங் இங்கும் அங்கும் மோப்பம் பிடிக்கும். டிராக்கிலிருந்து கிளம்பும்போது ஒட்டிக்கொண்ட ரப்பர் உருண்டைகளைச் சுரண்டி எடுக்காவிட்டால் வீடு வரும்வரை கார் அதிரும். இவற்றோடு வாழ்ந்துவிடலாம்.

மழையோடு வாழ முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பாதி தேய்ந்த கப் 2-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு பெருமழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் பக்கத்தில் லாரித் தடங்களில் நீர் நிரம்பி நின்றது. முதலில் ஸ்டியரிங் கனம் இழந்தது, பிறகு அதில் எந்தத் தகவலும் இல்லை. அகலமான டயர், குறைந்த பள்ளம், வெளித்தோளில் நீர் வெளியேற வழியே இல்லை. நீரைப் பிதுக்கித் தள்ள முடியாத டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். சுற்றிலும் வேன்களும் ஆட்டோக்களும் சாதாரணமாகக் கடந்து போக, நானூறு குதிரைத்திறன் கார் இடது ஓரத்தில் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. தேய்மான அடையாள மேடு 1.6 மில்லிமீட்டரில் இருக்கிறது. அது வரை ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கலாம். கப் 2-இல் மழைக்காலத்தில் அந்த மேட்டை நெருங்குவது பைத்தியக்காரத்தனம்.

ஐரோப்பியப் பத்திரிகைகளில் இந்த டயரைப் பற்றிப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் கப் 2-வைத் திட்டுவது குளிருக்காக. ஐந்து டிகிரியில் ரப்பர் விறைத்துப்போய்ப் பிடியே வராது என்பார்கள். சென்னையில் அந்தப் பிரச்சினை கிடையாது, டிசம்பர் விடிகாலையில் ஊட்டி ஏறினால் ஒழிய. அதேபோல அவர்கள் 4எஸ்ஸை டிராக்கில் புகழ்வது இருபது டிகிரித் தரையில் ஓட்டிவிட்டு. மே மாத நண்பகலில் இருங்காட்டுக்கோட்டைத் தரையில் கையை வைத்துப் பார்த்தால் அந்தப் புகழ்ச்சியில் எவ்வளவைக் கழிக்க வேண்டும் என்று புரியும். அவர்கள் ஊரில் குளிர் கப் 2-வைத் தோற்கடிக்கிறது, நம் ஊரில் தண்ணீர்.

இரண்டுக்கும் நடுவே ஏதாவது கிடைக்காதா என்று தோன்றும். உலகில் இருக்கிறது. மேலே சொன்ன 200 எண் ஜப்பானிய டயர்கள் அந்த இடத்துக்கு என்றே செய்யப்பட்டவை. இங்கே கடையில் போய்க் கேட்டால் கிடைப்பதுதான் கஷ்டம். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது, கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அதிகம் விற்காத அளவுகளுக்கு அந்தச் சடங்கை எல்லாம் செய்ய எந்தக் கம்பெனிக்கு ஆர்வம் இருக்கும்? யாரோ ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்த செட் என்று காதில் விழும். உத்தரவாதமும் இல்லாமல், எத்தனை வெயில் பார்த்தது என்றும் தெரியாமல் இருக்கும் அதை நான் வாங்க மாட்டேன். இதனால்தான் ஒப்பீடு இந்த இரண்டு டயரோடு நின்றது.

டயர் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 245/35 என்றால் பக்கச்சுவரின் உயரம் 86 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அறிவிப்பே இல்லாமல் முளைக்கும் வேகத்தடைக்கும் மெட்ரோ வேலை தோண்டிய பள்ளத்துக்கும் இது போதாது. அடி பலமாக விழுந்தால் உள் இழை அறுந்து பக்கச்சுவரில் பல்ஜ் எழும்பும். அதற்கு வைத்தியம் இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். 18 அங்குல ரிம்முக்கு இறங்கி 40 புரொஃபைல் போட்டால் ரப்பர் கூடும், விலை குறையும். 400 மில்லிமீட்டர் டிஸ்க் உள்ள பெரிய பிரேக்கைத் தேர்வு செய்த கார்களில் 18 ஏறாமல் போகலாம், ரிம்மை மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இந்தக் காரில் ஸ்டெப்னியும் கிடையாது, ரன்ஃபிளாட்டும் கிடையாது. தொழிற்பேட்டைச் சாலைகளில் ஆணியும் இரும்புச் சுருளும் சாதாரணம். பஞ்சர் கடையில் வெளியிலிருந்து செருகும் பட்டை வீடு வரை வரப் போதும். அந்த டயரை அப்படியே டிராக்கின் நேர்ப்பாதையில் 200-ஐ நெருங்கும் வேகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கழற்றி உள்ளிருந்து ஒட்டிய பஞ்சராக இருந்தாலும் நான் அதைச் சாலைக்கு மட்டும் ஒதுக்குவேன்.

அப்படியானால் எதை வாங்குவது? ஒரே செட்தான் என்று முடிவு செய்திருப்பவருக்கு என் பதில் 4எஸ், மறுபேச்சில்லை. வருடத்தில் இரண்டு மூன்று டிராக் நாளுக்காகக் கப் 2-வை மாட்டிக்கொண்டு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். டயரைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் இருக்க வேண்டியது டிராக்கின் மிக வேகமான வளைவு இல்லை, அங்கிருந்து வீட்டுக்கு வரும் சாலையின் மிக மோசமான கிலோமீட்டர். 4எஸ்ஸில் போய், கேம்பரையும் அழுத்தத்தையும் சரியாக வைத்துக்கொண்டால், அந்த இரண்டு மூன்று நாளும் சந்தோஷமாகவே போகும்.

மாதம் ஒருமுறையாவது டிராக்குக்குப் போகிறவருக்குக் கப் 2, ஆனால் தனி ரிம்மில். நண்பர் செய்திருப்பது அதுதான். காரில் நான்கு சக்கரத்தையும் திணிக்கலாம், பின்சீட்டை மடித்து, தோலைக் கிழித்துக்கொள்ளாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. அதைவிட ஒரு குட்டி யானையைப் பேசி முன்னால் அனுப்பிவிடுவது நிம்மதி. நாலைந்து பேர் சேர்ந்து போனால் வாடகையும் பெரிதில்லை. ஜாக்கியும் டார்க் ரெஞ்சும் அதிலேயே போய்விடும். சக்கர போல்ட்டுக்கு 140 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் மேல் ஏறி நின்று மிதித்து முடுக்குவது வேண்டாம். முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். டிராக்கில் நிறுத்திவிட்டு வரும்போது ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டாம், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வாங்கும் அன்று பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. இறக்குமதி டயர் கிடங்கில் தூங்கிக் கிடந்து விற்பனைக்கு வருவது உண்டு, ஒட்டும் ரப்பருக்கு வயது ஒத்துக்கொள்ளாது. சிறிய நட்சத்திரக் குறி இருந்தால் அது பிஎம்டபிள்யூ ஒப்புதல் கொடுத்த வகை. போர்ஷேவுக்கு என் எழுத்தோடு ஒரு எண் இருக்கும். குறி இல்லாத டயர் மட்டம் என்று அர்த்தமில்லை, நான்கும் ஒரே வகையாக இருந்தால் போதும். சுமை எண் முன்னால் 93, பின்னால் 98, அதற்குக் கீழே இறங்க வேண்டாம். கப் 2 எடுக்கிறவர்கள் இரண்டு முன் டயரைக் கூடுதலாக அப்போதே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். முன்னது தேய்ந்து நிற்கும்போது அதே அளவு ஊரில் எந்தக் கிடங்கிலும் இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கிறது, பின்னால் இரண்டும் இன்னும் பாதிக்கு மேல் பட்டனோடு இருக்கும்.